இளவரசியைத் தடுக்க வேண்டாம், கேள்வி கேட்போம்

2000ஆம் ஆண்டு வாக்கில், நைக்கியிலிருந்து டிஸ்னிக்கு வந்திருந்த ஆண்டி மூனி, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் போனார். வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் வீட்டில் தைத்த இளவரசி உடையில் வந்திருந்தார்கள். கடையில் கிடைக்காத ஒன்றுக்கு இவ்வளவு ஆசையா என்று கண்டுகொண்ட மூனி, சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், ஏரியல் எல்லோரையும் ஒரே பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார். 2001இல் 30 கோடி டாலராக இருந்த விற்பனை, 2006இல் 300 கோடியை எட்டியது. அதே 2006இல் எழுத்தாளர் பெக்கி ஓரென்ஸ்டீன் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, இந்த இளவரசி மோகம் மகள்களைப் பாதிக்குமோ என்ற பெண்ணியப் பெற்றோரின் கவலையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இளவரசிக்கு வீட்டில் தடை போடுவது அதற்குத் தீர்வாகாது.

மூன்று முதல் ஐந்து வயதில் குழந்தைக்குத் தான் பெண் என்பது தெரியும். உடையும் முடியும் மாறினாலும் அது மாறாது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடாது. அதனால் கண்ணில் பளிச்சென்று படும் அடையாளத்தை இறுகப் பற்றிக்கொள்கிறாள். மே லிங் ஹலீம், டயான் ரூபிள் போன்ற உளவியலாளர்கள் இந்த இளஞ்சிவப்புக் கவுன் மோகத்தை ஆராய்ந்தவர்கள். பள்ளிப் பருவத்தில் இந்தப் பிடிவாதம் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அதற்குள் அவள் ஆசையை நாம் ஏளனம் செய்தால், பெண்கள் விரும்புவதெல்லாம் மட்டமானது என்பதைத்தான் அவள் கற்றுக்கொள்வாள். பெண்ணியம் எதிர்க்கும் பாடமே அதுதான்.

இது வெறும் சமாதானம் என்று சிலர் சொல்லலாம். சாரா கோய்ன் குழுவினரின் 2016 ஆய்வு அவர்கள் பக்கம் நிற்கிறது: இளவரசிகளில் அதிகம் ஈடுபட்ட சிறுமிகள், ஓராண்டு கழித்தும் வழக்கமான 'பெண்பிள்ளை' நடத்தையையே கூடுதலாகக் காட்டினார்கள். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவுகளில், சிறுவயதில் இளவரசிகளை அதிகம் ரசித்த பிள்ளைகளிடம் பெண்களைப் பற்றி முற்போக்கான பார்வையே தென்பட்டது. ஐந்து வயது ஆசையை வைத்து ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாது.

நாம் போராட வேண்டிய இடம் வேறு. காரன் ஐசன்ஹவர், கார்மென் ஃபாட் என்னும் மொழியியலாளர்கள் வசனங்களை எண்ணிப் பார்த்ததில், 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் 68 விழுக்காட்டையும் 'அலாவுதீன்' படத்தில் 90 விழுக்காட்டையும் ஆண்களே பேசுகிறார்கள். 2013இல் டிஸ்னியின் இன்னொரு இளவரசியான வில்லாளி மெரிடாவின் இடையை ஒடுக்கி, வில்லையும் காணாமல் ஆக்கி ஒரு புதுப் படத்தை டிஸ்னி வெளியிட்டது. அவளைப் படைத்த இயக்குநர் பிரெண்டா சாப்மனே அதைக் கண்டித்தார். பெற்றோர்கள் பெருந்திரளாக மனுவில் கையெழுத்திட்டார்கள். அவர்களின் எதிர்ப்பு குழந்தையின் கிரீடத்தின் மேல் பாயவில்லை, அதை விற்கும் நிறுவனத்தின் மேல் பாய்ந்தது. நாமும் அப்படியே செய்வோம். மகள் கவுன் போட்டுக்கொள்ளட்டும். கூடவே உட்கார்ந்து படம் பாருங்கள்; இந்த இளவரசி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறாள் என்று அவளிடமே கேளுங்கள்.