வெளிநாட்டுச் சந்தைக்கு எந்த வழி?

நமது பொருள் யார் கைவழியாக வெளிநாடு போகிறது என்பதைப் பொறுத்தே நமக்குக் கிடைக்கும் காசு அமையும்.

சாகாமத்தில் ஒரு குடும்பம் கஜுவை ஏற்றுமதி வியாபாரியிடம் கொடுத்தால் உடனே காசு கிடைக்கும். விலையை அவரே சொல்வார். சங்கமாகச் சேர்ந்தால் நாமும் பேரம் பேசலாம். கண்டிப் பகுதியில் 1997 இல் தொடங்கிய சிறு சேதன விவசாயிகளின் சங்கம், தேயிலையையும் வாசனைத் திரவியங்களையும் 'பயோ பூட்ஸ்' கம்பனி மூலம் நியாய வர்த்தகச் சந்தைக்கு அனுப்புகிறது. விலையோடு, சமூகத் தேவைக்கென மேலதிகத் தொகையும் சங்கத்துக்குச் சேர்கிறது.

ஆனால் சேதனச் சான்றிதழ் காணியைப் பார்த்தே வழங்கப்படும். இரண்டு, மூன்று வருடங்கள் செல்லும். ஆகவே, காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் இப்போதைக்கு வியாபாரிக்கே விற்கட்டும். நிறை, தரம், விலை மூன்றையும் ஒரு பொதுக் கொப்பியில் எழுதி வாருங்கள். நாளை சங்கமாகப் பேசப் போகும்போது அது கைகொடுக்கும்.