பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த கணினிகள் தேனி, உத்தமபாளையம், கம்பம் பகுதிகளில் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. ஆகவே லினக்ஸ் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புது லேப்டாப் வாங்க வசதியில்லாத வீட்டில் இலவச லினக்ஸ் நல்ல வழி. ஆனால் ஏற்றி முடித்ததும் 'பூட் டிவைஸ் இல்லை' என்று திரையில் வந்தால், கணினியே போய்விட்டது என்று பயந்து பழைய விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கோளாறு அல்ல.

கணினி தொடங்கும் முறை இரண்டு. பழையது லெகஸி, புதியது யு.இ.எஃப்.ஐ. விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் மற்றொரு முறையிலும் ஏறிவிட்டால், தொடங்கும்போது இரண்டில் ஒன்றுதான் தெரியும்.

1. முதலில் போட்டோ, சான்றிதழ், பாடக் குறிப்புகளை வேறு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள். பூட் அமைப்பை மாற்றினால் கணினி அதைக் கேட்கலாம்.

2. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். அங்கே என்ன முறை இருக்கிறதோ, லினக்ஸையும் அதே முறையில் ஏற்றுங்கள்.

3. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிட்டுக் கணினியை அணையுங்கள்.

4. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம். உங்கள் கணினி யு.இ.எஃப்.ஐ. முறை என்றால், அந்தப் பெயர் முன்னால் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

5. விண்டோஸும் வேண்டுமென்றால், 'முழு டிஸ்க்கையும் அழி' என்பதைத் தொடாதீர்கள். டிஸ்க்கில் உள்ள சிறிய இ.எஃப்.ஐ. பகுதியையும் ஃபார்மட் செய்யாதீர்கள். விண்டோஸ் தொடங்குவதற்கான கோப்புகள் அதில்தான் இருக்கின்றன.

6. எல்லாம் முடிந்த பிறகும் நேராக விண்டோஸே வந்தால், பயாஸில் பூட் வரிசைக்குப் போய் லினக்ஸ் பெயரை மேலே நகர்த்துங்கள். உபுண்டு, மிண்ட் இரண்டும் செக்யூர் பூட் இயங்கும்போதே ஏறும். வேறு லினக்ஸ் தொடங்க மறுத்தால் மட்டும் அதை அணைத்துப் பாருங்கள்.

லினக்ஸை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். அழிந்துபோன பிள்ளையின் ப்ராஜெக்ட் திரும்பக் கிடைப்பது கடினம். அதனால் முதல் படியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.