பல்வேரும் நார்த்தண்டும்

டிக்கோயாவின் ஈரச்சுவரிற் பாசியைச் சுரண்டாது வெள்ளையடித்தால், அடுத்த மழைக்கே அது உரிந்துவிடும். குறை சுண்ணாம்பினதன்று, சுவரைப் பதப்படுத்தாமையே குறை. பல்வைத்தியத்திலும் இவ்வுண்மை பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

பல்லின் முடி முறிந்து வேர் உறுதியாய் நிற்கும்போது, பிடுங்கிவிடுதலே வழியெனப் பலர் எண்ணுவர். ஆயின், நரம்பகற்றித் தூய்மையாக்கிய வேர்க்குழாயில் ஒரு தண்டை நாட்டி, அதன்மேற் செயற்கை முடியை அமைத்தல் கூடும். முன்னர் உலோகத் தண்டுகளே பெரிதும் வழங்கின. அவை பல்லினும் மிக விறைப்பானவை. ஆதலின் மெல்லும் விசை ஓரிடத்திற் குவிந்து வேர் நெடுக்காகப் பிளத்தலுமுண்டு. அங்ஙனம் பிளந்த வேரைக் காத்தல் அரிது. 1990ஆம் ஆண்டளவில் நார்த்தண்டுகள் வழக்கிற்கு வந்தன. தொடக்கத்திற் காபன் நார்களையும், பின்னர்க் கண்ணாடி, குவாட்சு நார்களையும் எபொக்சி போன்ற பிசினிற் பதித்து இவற்றை ஆக்கினர். இவை பல்லைப்போற் சிறிது வளைந்து கொடுப்பன. இவற்றிற்கு நேரும் பெருங்குறை, ஒட்டு விட்டுக் கழலுதலே.

இதன் காரணம் யாது? இறுகி முடிந்த எபொக்சி, ஒட்டும் பிசினோடு இரசாயன முறையிற் பிணைவதில்லை. சிலேன் என்னுந் திரவம் ஒரு முனையாற் கண்ணாடியையும் மறுமுனையால் ஒட்டும் பிசினையும் பற்ற வல்லது. ஆனால், நார்களை எபொக்சி மூடியிருப்பின் அது பற்றுதற்கு இடமில்லை. எனவே தண்டை முதலில் ஐதரசன் பேரொட்சைட்டில் அமிழ்த்துவர். 10 சதவீதக் கரைசலில் 20 நிமிடம், 24 சதவீதக் கரைசலில் 10 நிமிடம் என்பன ஆய்வுகளிற் கையாண்ட அளவுகளாம். மேற்படையான எபொக்சி நீங்க, நார்கள் பழுதின்றி வெளிப்படும். பின்பு நன்கு கழுவி உலர்த்திச் சிலேன் பூசுவர். அலுமினாத் துகளை வீசிச் சொரசொரப்பாக்குதலும் ஒரு முறை. எனினும் விசை மிகின் நார்கள் அறும். ஐதரோபுளோரிக்கமிலமோ கண்ணாடி நாரையே அரித்துவிடும்.

வேரின் உட்சுவரும் பதப்படல் வேண்டும். பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் அரித்தபின் ஒட்டுதல் வலுப்பெறுதலை, 1955இல் அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர் காட்டினார். வேர்க்குழாயைக் கழுவும் சோடியம் ஐப்போகுளோரைற்றின் எச்சம் பிசின் இறுகுதலைத் தடுக்கும். பேரொட்சைட்டின் எச்சமும் அத்தகையதே. தண்டை நன்கு கழுவுதல் இதன்பொருட்டேயாம்.

ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தருவனவல்ல. ஆலையிலேயே பதப்படுத்தப்பட்ட தண்டுகளுமுண்டு. அவற்றை மீண்டும் கரைசலில் இடுதல் தீங்காகவும் முடியலாம். ஆதலின் தண்டின் இயல்பறிந்தே முறையைத் தெரிதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலனாகாத இச்சில நிமிட ஆயத்தமும் தண்டின் ஒட்டுறுதிக்குத் துணைசெய்கின்றது. முறிந்த பல்லோடு வைத்தியரை நாடுவோர், "பிடுங்குங்கள்" என்னுமுன், "வேரைக் காத்தல் கூடுமோ?" என வினவுவாராக.