தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் நம் பிள்ளைகள்

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, எங்க பையன் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடிச்சிட்டான். ஐ.டி.க்குப் போடான்னா, சேஃப்டி ஆபீசர் ஆகப்போறேங்கிறான். ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, 'பெல்ட் போடு, ஷூ போடு'ன்னு கத்திக்கிட்டே திரியற வேலைதானே அது? அதுக்கா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சோம்?" என்றார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, வடை தீர்ந்துவிடுமோ என்ற கவலை எனக்கு. "அப்புறம் விவரமா சொல்றேம்மா" என்று தப்பித்துக்கொண்டேன். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்தக் கடனை இங்கேயே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் மூன்றையும் சேர்த்து ஹெச்.எஸ்.இ. என்பார்கள். குஜராத் கம்பெனிகளில் அதையே புரட்டி ஈ.ஹெச்.எஸ். என்பதுண்டு. சில இடங்களில் தரக்கட்டுப்பாட்டையும் இதோடு முடிச்சுப்போட்டு ஒரே ஆள் தலையில் வைத்துவிடுவார்கள். நான் இந்தத் துறைக்கு விரும்பி வந்தவன் அல்ல. திருச்சியில் படித்து முடித்து, உற்பத்திப் பிரிவில் ஷிப்ட் இன்ஜினீயராகத்தான் பரோடா வந்தேன். தினமும் ரயிலில் அங்கலேஷ்வருக்கு 'அப்-டவுன்'. என்னை இந்தப் பக்கம் திருப்பியது 1994-ல் நடந்த ஒரு சம்பவம்.

கரைப்பான் வைத்திருந்த ஒரு தொட்டியைக் காலி செய்து, கழுவி, உள்ளே ஆள் இறக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். காலை 9 மணிக்கு ஆக்சிஜன் அளந்தோம், சரியாக இருந்தது. பெர்மிட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆனால் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்து சேர்ந்ததோ மதியம் 2 மணிக்கு. தீப்பிடிக்காமல் இருக்க அந்தத் தொட்டிக்குள் நைட்ரஜன் செலுத்தும் குழாய் ஒன்று உண்டு. அதன் வால்வை மூடியிருந்தோமே தவிர, குழாயைக் கழற்றி அடைப்புத் தகடு போடவில்லை. வால்வு மெல்லக் கசிந்துகொண்டிருந்தது.

ஒரிசாவிலிருந்து வந்த ஹெல்பர் ஒருவர் கண்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்று, "சாப், அந்தர் ஹவா ஆ ரஹா ஹை" என்றார். நான் ஊரைவிட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் ஹிந்தி, பிரசார சபாவில் மத்யமா வரை எழுதிய ஹிந்தி. ஹவா என்றால் காற்று. உள்ளே காற்று வருகிறதென்றால் நல்லதுதானே என்று தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். ஷாப் ஃப்ளோரில் குழாயில் அழுத்தத்தோடு வரும் எந்த வாயுவுக்கும் 'ஹவா' என்றுதான் பெயர் என்பது எனக்குத் தெரியாது. அவர் எச்சரிக்கை சொல்ல வந்திருக்கிறார், நான் அதை நற்செய்தியாக எடுத்துக்கொண்டேன். எழுந்துபோய் ஒருமுறை பார்த்திருக்கலாம், ஐம்பதடி தூரம்தான்.

முதலில் இறங்கியவர் அப்படியே சரிந்தார். தூக்கிவிடுவதற்காக அவருடைய கூட்டாளி குதித்தார், அவரும் விழுந்தார். இரண்டாமவர் பிழைத்தார். முதலாமவருக்கு 22 வயது.

இதை எழுதுவதற்குக் காரணம், நைட்ரஜன் எப்படிக் கொல்கிறது என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். அது விஷமல்ல. நிறமில்லை, மணமில்லை. ஆனால் அது ஆக்சிஜனை வெளியே தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நமக்கு மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவது பெரும்பாலும் உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைவதை உடல் அவ்வளவாக உணர்வதில்லை. நைட்ரஜன் நிறைந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். எனவே முட்டலும் இல்லை, திணறலும் இல்லை. இரண்டொரு மூச்சிலேயே நினைவு போய்விடும். காப்பாற்றப் போகிறவனுக்கும் அதே கதிதான். அதனால்தான் ஆள் இறங்குவதற்குச் சற்று முன்பு மறுபடி அளக்க வேண்டும், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது, குழாயைத் துண்டித்துத் தகடு போட வேண்டும், வெளியே கயிற்றோடு ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றெல்லாம் விதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் அன்று எங்கள் பெர்மிட் தாளிலும் அச்சாகி இருந்தது, ஆங்கிலத்தில்.

அதன் பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது ஒரு வரி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் இயற்றிய பாதுகாப்பு அதிகாரி விதிகளில், தகுதி என்று மூன்று விஷயங்கள் வரும். ஒன்று, இன்ஜினீயரிங் பட்டத்தோடு தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் 2 வருட அனுபவம், அல்லது பௌதிகம், ரசாயனத்தில் பட்டத்தோடு 5 வருட அனுபவம். இரண்டு, தொழிற்பாதுகாப்பில் டிப்ளமோ அல்லது பட்டம். மூன்றாவது, அந்தப் பகுதியில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழியில் போதிய அறிவு. ஆமாம், மொழி! வேறு எந்த இன்ஜினீயர் வேலைக்கு அரசாங்கம் இப்படிக் கேட்கிறது சொல்லுங்கள்?

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளைப் பற்றி நமக்கெல்லாம் ஒரே புலம்பல். தமிழ் எழுதத் தெரியவில்லை, வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று நாலு பாஷையைக் கலக்குகிறான் என்கிறோம். இந்தத் துறையில் அந்தக் கலவைக்குத்தான் மதிப்பு. இன்று தஹேஜ், வாபி, அங்கலேஷ்வர் எங்கே பார்த்தாலும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஒடிசா, பீகார், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். குஜராத்தி 'ஊபா ரஹோ'வும் வேண்டும், ஹிந்தி 'ருக்கோ'வும் வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்தவன் சொல்வதை, ஊர்விட்டு ஊர் வந்த இன்னொருவன் சற்றுப் பொறுமையாகக் கேட்பான் என்பது என் நம்பிக்கை. நான் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். 'பெல்ட் போடு, ஷூ போடு' என்பது இந்த வேலையின் கடைசிப்படி. ஒரு உதாரணம். மழைக்கு முன்னால், மே மாதத்தில், எல்லா ஆலைகளிலும் சிமென்ட் ஷீட் கூரையை ஒழுகாமல் சரிசெய்ய ஆள் ஏற்றுவார்கள். ஷீட் உடைந்து கீழே விழுந்து இறப்பது நம் நாட்டில் சர்வசாதாரணம். தெரிந்த அதிகாரி முதலில் கேட்பது, மேலே ஏறாமலே முடிக்க முடியாதா, கீழிருந்து லிஃப்டில் நின்று செய்யலாமா என்பது. முடியாதென்றால், உடையாத தகட்டுக் கூரையாக மாற்றலாமா? அதுவும் இல்லையென்றால் நடப்பதற்குப் பலகைப் பாதை, கீழே வலை. பிறகு பெர்மிட், பயிற்சி. இத்தனையும் கடந்துதான் பெல்ட். பெல்ட்டைக் கொடுத்துவிட்டு, கொக்கியை எங்கே மாட்டுவது என்று சொல்லாத இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக, கத்துவதைவிடக் கணக்குப் போடுவதும் முதலாளியிடம் வாதாடுவதும்தான் அதிகம்.

வாதாடுவதற்குப் பழைய விதிகள் ஒரு பிடி கொடுத்திருந்தன. பாதுகாப்பு அதிகாரிக்கு மூத்த அதிகாரி அந்தஸ்து தர வேண்டும், ஆலைத் தலைவருக்கு நேரடியாகப் பதில் சொல்பவராக அவர் இருக்க வேண்டும், அவருடைய கடமைக்குச் சம்பந்தமில்லாத வேலை எதுவும் தரக் கூடாது. நடப்பில் கேன்டீன், தோட்டம், கேட் பாஸ், விருந்தாளிக்குக் கார் என்று எல்லாம் அவர் தலையில்தான்! நேர்முகத் தேர்விலேயே "நான் யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும்?" என்று பையன் கேட்கட்டும். உற்பத்தி மேனேஜரிடம் என்று பதில் வந்தால், உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் தைரியம் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று யோசித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. போபாலில் 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு விஷவாயு கசிந்த பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆபத்தான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. நான் பிழைப்பு நடத்தியதெல்லாம் அந்தச் சட்டங்களின் புண்ணியத்தில்தான். 2025 நவம்பர் 21 முதல், 2020-ல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்து, தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. முன்பு பொதுவாக 1000 பேர் வேலை செய்யும் ஆலைக்குத்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். இப்போது 500 பேர் போதும். ஆபத்தான செயல்முறை உள்ள ஆலைக்கும் கட்டுமானப் பணிக்கும் 250, சுரங்கத்துக்கு 100. வேலைவாய்ப்பு கூடும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தொழிற்பேட்டைகளில் அறுபது எழுபது பேரோடு ஓடும் சின்ன ஆலைகள் இந்தக் கணக்கில் வருவதில்லை, ஆபத்தோ அங்கேதான் அதிகம். வேலைக்குப் போகும் மாநிலத்தின் விதி என்ன தகுதி கேட்கிறது என்பதை அந்தந்த நேரத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

படிப்பு என்று பார்த்தால், கல்லூரி முடித்த கையோடு இதில் நுழைய வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் உற்பத்தியிலோ பராமரிப்பிலோ இரண்டு வருடம் கை கறுக்க வேலை செய்யட்டும். பம்ப்பைக் கழற்றிப் பார்க்காதவன் சொல்லும் அறிவுரையை ஃபிட்டர் மதிக்கமாட்டார். பிறகு ஒரு வருட உயர்நிலை டிப்ளமோ. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் மும்பை சயானில் இருக்கும் சென்ட்ரல் லேபர் இன்ஸ்டிட்யூட்டும், சென்னை போன்ற ஊர்களில் இருக்கும் ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட்டுகளும் இதை நடத்துகின்றன. மாநிலத் தொழில்நுட்பக் கல்வி வாரியங்களின் டிப்ளமோவும் உண்டு.

தெருவுக்குத் தெரு 'சேஃப்டி டிப்ளமோ' போர்டு தொங்குகிறது. பணம் கட்டுமுன், இதைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகம் ஏற்குமா என்று விசாரியுங்கள். பிரிட்டனின் நெபோஷ் சான்றிதழ் வளைகுடா வேலைக்கு நன்றாக உதவும். அது மட்டும் இருந்தால் இந்தியச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட முடியாது. இதைச் சொல்லாமல் சேர்த்துவிட்டு, பிறகு கையைப் பிசைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

டாக்டர் பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மூன்று மாதத் தொழில்நலப் படிப்பு முடித்தால் ஆலை மருத்துவராகலாம். ஐ.எஸ்.ஓ. தணிக்கையாளர் ஆவது இன்னொரு கிளை. தரத்துக்கு 9001, சுற்றுச்சூழலுக்கு 14001, பாதுகாப்புக்கு 2018-ல் வந்த 45001. நல்ல வருமானம்தான். ஆனால் ஃபைலைத் தணிக்கை செய்யப் பழகியவர்கள் சிலருக்கு ஆலையைப் பார்க்கும் கண் போய்விடுகிறது. பெண்பிள்ளைகளுக்குச் சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தது ஒரு பெண்தான். பெர்மிட் தாளை மூன்று மொழியில், படம் போட்டு அச்சடிக்க வைத்தது அவர். நான் பதினைந்து வருடம் கேட்டும் நடக்காத காரியம் அது.

சகோதரியின் பையன் இப்போது தஹேஜில் ஒரு ஆலையில் ஷிப்டில் இருக்கிறான். இரண்டு வருடம் முடிய இன்னும் சில மாதங்கள் பாக்கி. சயானுக்கு விண்ணப்பம் போடுமுன், கம்பெனி தரும் அனுபவச் சான்றிதழில் 'மேற்பார்வைப் பொறுப்பில்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.