புல்வெட்டும் டிராக்டரின் சக்தி கடத்தும் பெட்டி: பழுதும் சீரமைப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டைச் சூழ்ந்த புல்வெளியை வெட்டுவதற்கு, ஒருவர் அமர்ந்து ஓட்டக்கூடிய சிறு டிராக்டர் பரவலாகப் பயன்படுகிறது. 1961 ஆம் ஆண்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் வெளியிட்ட ‘கப் கேடட்’ இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் கியர் பெட்டி, ‘ஃபார்மால் கப்’ என்னும் சிறு பண்ணை டிராக்டரின் பெட்டியைத் தழுவி அமைக்கப்பட்டது. பண்ணை வேலைக்குரிய உறுதி அதில் இருந்தது.

கியர் மாற்றும் சிரமமின்றி, மிதியை அழுத்தும் அளவுக்கேற்ப முன்னும் பின்னும் செல்லும் வசதி பின்னர் பரவியது. இவ்வசதியைத் தருவது ஹைட்ரோஸ்டாட்டிக் எனப்படும் திரவ அழுத்த முறை. அறுவடை யந்திரங்களிலும் சாலை உருளைகளிலும் இதே முறை கையாளப்படுவதால், இதன் தத்துவத்தை அறிந்துகொள்வது கள ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரும். சிறு டிராக்டரில் இப்பெட்டி வலுவிழந்தவுடன், யந்திரம் முழுவதையுமே பயனற்றதென ஒதுக்கிவிடுவோர் உண்டு. சில லிட்டர் எண்ணெயும் சற்றுப் பொறுமையும் இருந்தால் அவற்றுள் பலவற்றை மீண்டும் இயக்க முடியும்.

இயங்கும் முறை

என்ஜினிலிருந்து வரும் பெல்ட், பெட்டியின் மேலுள்ள கப்பியைச் சுழற்றுகிறது. அத்துடன் இணைந்த பம்பில் பல சிறு பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின்மேல் ஊன்றியவாறு வட்டமாகச் சுழல்கின்றன. தட்டு சாயாமல் நேராக நின்றால் பிஸ்டன்கள் உள்ளும் புறமும் அசைவதில்லை, எண்ணெயும் வெளியேறுவதில்லை. தட்டுச் சாயச் சாய எண்ணெய் மிகுதியாகத் தள்ளப்படுகிறது. எதிர்ப்புறம் சாய்ந்தால் எண்ணெயின் திசையும் மாறுகிறது. இவ்வெண்ணெய் மற்றொரு பிஸ்டன் தொகுதியான மோட்டாரைச் சுழற்ற, அச்சுழற்சி கியர்கள் வழியே பின்சக்கரங்களை அடைகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியே இதற்கு அடிப்படை. சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோகிராம் அழுத்தமுள்ள எண்ணெய், 2 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனை 140 கிலோகிராம் விசையுடன் தள்ளும்.

பழுதின் மூல காரணம்

பிஸ்டனுக்கும் அதன் உருளைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. எண்ணெயின் பிசுக்குத் தன்மையே அவ்வழியாகக் கசிவு மிகாமல் காக்கிறது. உஷ்ணம் ஏறினால் எண்ணெய் இளகிவிடும். எஸ்.ஏ.இ. 30 தரமுள்ள சாதாரண எண்ணெயின் பிசுக்கு, 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே காலையில் நன்றாக ஏறிய மேட்டில், அரை மணி நேர வேலைக்குப் பின் அதே யந்திரம் திணறி நிற்கிறது. கசிவு மேலும் உஷ்ணத்தை உண்டாக்குவதால் கேடு தானாகவே வளர்கிறது.

இதில் ஆபத்தும் உண்டு. ஓட்டுநருடன் 300 கிலோகிராம் எடையுள்ள யந்திரம் 15 டிகிரிச் சரிவில் நின்றால், அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 78 கிலோகிராம். பெட்டிக்குள் அழுத்தம் நில்லாதபோது யந்திரம் பின்னோக்கி உருளத் தொடங்கும். ஆகவே வலுக்குன்றிய யந்திரத்தைச் சரிவில் ஓட்டுதல் கூடாது.

சோதிக்கும் வரிசை

பெட்டியைக் கழற்றுமுன் எளியவற்றைச் சோதிக்க வேண்டும். என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுவது முதல் வேலை. பின்னர் பெல்ட் தேய்ந்து பளபளத்துள்ளதா, அதை இறுக்கும் ஸ்பிரிங் தளர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். மிதியை முழுவதும் அழுத்தும்போது பெட்டியின் நெம்புகோல் கடைசி வரை நகர்கிறதா என்பதும் முக்கியம். யந்திரத்தைக் கையால் தள்ளுவதற்கான விடுவிப்பு வால்வு சிறிது திறந்திருந்தாலும் சக்தி வீணாகும். கடைசியாக, குளிர்விக்கும் விசிறியின் இலைகள் முறிந்துள்ளனவா, பெட்டியின் மேல் வெட்டிய புல் அடைத்துள்ளதா என்று நோக்க வேண்டும். புல்லடை, உஷ்ணம் வெளியேறுவதைத் தடுக்கும் போர்வையாகும்.

குளிர்ந்த நிலையிலேயே வலு இல்லையெனில் பெல்ட், நெம்புகோல், எண்ணெயில் புகுந்த காற்று ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். குளிரில் வலுவும் சூட்டில் சோர்வும் தோன்றினால் எண்ணெயின் கேட்டையோ உட்பாகங்களின் தேய்வையோ கருத வேண்டும்.

எண்ணெய் மாற்றுதல்

மிகப் பல சிறு டிராக்டர்களில் பொருத்தப்பட்ட டஃப் டார்க் நிறுவனத்தின் கே-46 வகைப் பெட்டியில், எண்ணெயை வடிக்கும் துளை கிடையாது. பெட்டியைக் கழற்றி இறக்கிக் கவிழ்த்து, எண்ணெய் ஊற்றும் துளை வழியாகவே வடிக்க வேண்டும். வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்போது, உள்ளிருக்கும் காந்தத்தில் நுண்ணிய சாம்பல் நிறக் குழம்பு படிந்திருப்பது இயல்பான தேய்வு. பளபளக்கும் உலோகச் சில்லுகள் காணப்பட்டால் பாகங்கள் சிதைந்துள்ளன. வெறும் எண்ணெய் மாற்றம் பயன் தராது. தயாரிப்பாளர் கைந்நூலில் குறித்த தரத்து எண்ணெயையே சேர்க்க வேண்டும்.

பின்னர் காற்றை வெளியேற்றுதல் இன்றியமையாதது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தி உறுதியாகத் தாங்கச் செய்ய வேண்டும். விடுவிப்பு வால்வைத் திறந்து, என்ஜினை மெதுவாக ஓட்டி, மிதியை முன்னும் பின்னும் ஐந்தாறு முறை அழுத்த வேண்டும். என்ஜினை நிறுத்தி வால்வை மூடி, மீண்டும் அவ்வாறே செய்த பின் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

மேம்படுத்துதல்

சிலர் பெரிய சக்கரம் பூட்டினால் யந்திரம் வலுப்பெறும் என எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. 20 அங்குலச் சக்கரத்துக்குப் பதிலாக 23 அங்குலச் சக்கரம் பூட்டினால், அதே மேட்டில் ஏற அச்சுத்தண்டுக்கு 15 சதவீதம் அதிக முறுக்கு விசை தேவைப்படும். பெட்டி விரைவில் சூடேறும்.

உழுதல், பளு இழுத்தல் போன்ற வேலைகளுக்கு அவற்றைத் தாங்கும்படி அமைந்த பெரிய பெட்டியை மாற்றிப் பொருத்துவதே முறையான வழி. அதற்குமுன் சட்டத்தின் அகலம், போல்ட் துளைகளின் இடம், கப்பியின் விட்டமும் சுழலும் திசையும், அச்சுத்தண்டின் தடிமன், பிரேக் நெம்புகோலின் அமைப்பு ஆகிய அனைத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். பிரேக் சரியாக இணையாத மாற்றம் மேம்பாடு ஆகாது.

வகுப்பறையில்

இரு ஊசிக்குழல்களை ரப்பர்க் குழாயால் இணைத்து, நீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றது அசைவதைக் காட்டலாம். நீரில் சிறிது காற்றை விட்டால் அழுத்தம் எவ்வாறு வீணாகிறது என்பதை மாணவர் தம் விரலாலேயே உணர்வர். குளிர்ந்த விளக்கெண்ணெயையும், வெந்நீரில் வைத்துச் சூடாக்கிய விளக்கெண்ணெயையும் ஒரே புனல் வழியே ஒழுகவிட்டு நேரத்தைக் கணக்கிட்டால், சூடான யந்திரம் மேட்டில் ஏன் நின்றது என்பதற்கு விடை கிடைக்கும்.