பொன்னைத் தேடினால் பொற்றாமரை கிடைக்குமா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "நூலகத்துல தூசி தட்டித் தேடின காலம் போச்சு. பொத்தானைத் தட்டினா சங்க இலக்கியமே வந்து நிக்குது" என்றார். வரும், நான் மறுக்கவில்லை. எது வராது என்று சொன்னாரா?

மதுரை மீனாட்சியம்மன் கோயில் பொற்றாமரைக் குளத்தை நீங்களெல்லாம் பார்த்திருப்பீர்கள். பொன், தாமரை இரண்டும் புணர்ந்தால் பொற்றாமரை. எழுத்தை மட்டும் பார்த்துத் தேடுகிற கணிப்பொறியில் 'தாமரை' என்று அடியுங்கள், குளம் அகப்படாது. 'பொன்' என்று அடியுங்கள், அப்பவும் அகப்படாது! 'ன்' என்பது 'ற்' ஆகிவிட்டது. 'தா' என்பது 'றா' ஆகிவிட்டது. இலக்கணம் தெரிந்தவன் 'பொற்' என்றும் தேடுவான். தெரியாதவன், "இந்நூலில் தாமரையே இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவான். அடுத்து வருபவன் அதையே மேற்கோள் காட்டுவான். குளம் நிறையத் தாமரை. ஆய்வில் மட்டும் பஞ்சம்! (சிரிப்பு)

இன்னொன்று. பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். 'எரி'யா, 'ஏரி'யா? ஒன்று நெருப்பு, ஒன்று தண்ணீர்! முன்பின் பாட்டைப் பார்த்து, பல சுவடிகளை ஒப்பிட்டு முடிவு செய்யணும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அப்படித்தான் பதிப்பித்தார். அவர் தீர்த்துவைத்த சந்தேகங்களின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நாம் இன்று பொத்தானைத் தட்டுகிறோம்.

"புணர்ச்சியையும் கணிப்பொறிக்குச் சொல்லிக்கொடுத்தா போச்சு" என்பீர்கள். சரி, சொல்லிக்கொடுக்க இலக்கணம் தெரிஞ்ச ஆள் வேணுமே ஐயா! ஐராவதம் மகாதேவன் கணிப்பொறியின் துணையோடுதான் சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொடரடைவு செய்து 1977-இல் வெளியிட்டார். ஆனால் எது தனிக்குறி, எது அதன் வேறு வடிவம் என்று பிரித்து 417 குறிகளாக வகுத்தது மனிதக் கண். கருவி எண்ணியது, மனிதன் தீர்மானித்தான்.

இன்று வரிசை தலைகீழாகிறது. கேள்வியைக் கொடுத்தால் கருவியே கட்டுரையும் எழுதித் தருகிறது. அது சரியா தப்பா என்று பார்க்கும் பயிற்சி மாணவனிடம் இல்லையென்றால், அவன் ஆய்வாளன் அல்ல, தபால்காரன்! வாங்கிக் கொடுப்பான், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

பெற்றோர்களே, பிள்ளைக்குக் கணிப்பொறி வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. கூடவே இலக்கணத்தையும் படிக்க வையுங்கள். தேடும் அறிவு இல்லாதவனுக்குத் தேடுபொறி இருந்து என்ன பயன்? எனவே, பயிற்சியில்லாத கையில் கணிப்பொறி ஆய்வுத்திறனை மழுங்கடிக்கிறது என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமைகிறேன்.