விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு: குழுப் பயணத்தில் பணம் மிச்சமாகும் வழி

விமான நிலையத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து மீண்டும் விமான நிலையத்துக்கும் செல்லும் பயணத்தைச் சுற்றுலா முகவர்கள் ‘பிக்கப்-டிராப்’ என்பார்கள். விமானச் சீட்டோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு. ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து போகும்போது, வழியைத் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து இந்தச் செலவு இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் மாறும். தனியாகச் செல்பவருக்குச் சிக்கனமான வழியே குழுவுக்கும் சிக்கனமாக இருக்கும் என்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து குழுக்கள் அதிகம் செல்லும் கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் ஆகிய மூன்று நகரங்களும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

தலைக்கா, வண்டிக்கா?

ரயிலும் பேருந்தும் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. காரும் வேனும் வண்டிக்கு இவ்வளவு என்று வாங்குகின்றன. குழுப் பயணத்தின் கணக்கு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கோலாலம்பூர் பன்னாட்டு விமான நிலையம் சிப்பாங்கில், நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நகரின் மைய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலுக்கு ‘கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ்’ ரயில் 2002 முதல் ஓடுகிறது. முதல் முனையத்திலிருந்து 57 கிலோமீட்டர் தூரத்தை இடையில் எங்கும் நிற்காமல் 28 நிமிடங்களில் கடந்துவிடும். இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடங்கள் ஆகும். பெரியவர்களுக்கு ஒருவழிக் கட்டணம் 55 ரிங்கிட். அதே இடத்துக்குப் பேருந்தில் 15 ரிங்கிட் அளவில் போய்விடலாம்; நேரம் மட்டும் ஒரு மணிக்கு மேல் ஆகும். ‘கிராப்’ செயலியில் கார் பிடித்தால், வழக்கமான நேரங்களில் நகருக்குள் செல்ல 75 முதல் 100 ரிங்கிட் வரை ஆகும். சுங்கக் கட்டணம் தனி.

தனியாக வருபவருக்குக் காரைவிட ரயில் லாபம். இருவர் என்றால் ரயிலுக்கு 110 ரிங்கிட்; காருக்கும் ஏறத்தாழ அதே செலவுதான். மூவர் என்றால் ரயிலுக்கு 165, நால்வர் என்றால் 220 ஆகிவிடும்; கார் கட்டணமோ அப்படியே நிற்கும். பத்துப் பேர் ரயிலில் போனால் 550 ரிங்கிட், மூன்று கார்களில் போனால் சுங்கம் நீங்கலாக 300-க்குள், பேருந்தில் போனால் 150. எல்லோரும் ஏறக்கூடிய ஒரு வேன் 300 ரிங்கிட்டுக்குக் குறைவாகக் கிடைத்தால், மூன்று கார்களைவிட அதுவே மேல். குழு பிரியாது, முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் விடுதி வாசலில் மற்றவர்களுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

பெட்டிகளின் கணக்கு

ஆள் கணக்கை மட்டும் பார்த்து வண்டி பேசுவதில்தான் பல குழுக்களின் கணக்கு தவறுகிறது. மலேசியாவில் செயலி வழியே வரும் வண்டிகளில் பெரோடுவா மைவி, புரோட்டான் சாகா போன்ற சிறிய கார்கள் அதிகம். நால்வர் ஏறலாம் என்று செயலி காட்டும். ஆனால் மைவியின் பின்பக்கத்தில் பெரிய பெட்டி ஒன்றை வைத்தால், மிச்ச இடம் கைப்பைகளுக்குத்தான் சரியாக இருக்கும். ஆளுக்கொரு பெரிய பெட்டியுடன் வரும் நால்வருக்கு அங்கே இரண்டு கார்கள் தேவைப்படும். ஆறு பேர் ஏறும் வண்டியிலும் இதே நிலைதான். கடைசி வரிசை இருக்கையை மடக்கினால்தான் பெட்டிகளுக்கு இடம் கிடைக்கும். மடக்கிவிட்டால் ஆட்களுக்கு இடம் இருக்காது. ஊரில் இன்னோவா வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்.

எனவே வண்டி பேசும்போது ‘பத்துப் பேர்’ என்பதோடு நிறுத்தாமல், ‘பெரிய பெட்டி ஆறு, சிறிய பெட்டி ஐந்து, மடக்கு நாற்காலி ஒன்று’ என்று விவரமாகச் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. இருவருக்கு ஒரு பெரிய பெட்டி என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டால், பல குழுக்களுக்கு ஒரு கார் குறையும்.

கடைசி இரண்டு கிலோமீட்டர்

ரயிலும் பேருந்தும் நிலையம்வரைதான் கொண்டுவிடும். அங்கிருந்து விடுதிக்குப் போகும் செலவையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். கே.எல். சென்ட்ரல் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில். கோலாலம்பூரின் ‘லிட்டில் இந்தியா’ அதுதான். அங்கே தங்கும் குழு, பேருந்தில் வந்து இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டே விடுதிக்குப் போய்விடலாம். புக்கிட் பிந்தாங்கில் தங்குபவர்கள் இறங்கிய இடத்திலிருந்து மறுபடியும் வேறு வண்டி பிடிக்க வேண்டும். அவர்களுக்கு விமான நிலையத்திலிருந்தே நேராக வண்டியில் போவது ரயிலைவிட மலிவாக இருக்கும். விடுதியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சிங்கப்பூரில் கணக்கு வேறு

சாங்கி விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எம்.ஆர்.டி. ரயில் இங்கே மாநகரப் பொதுப் போக்குவரத்தின் ஒரு பகுதி என்பதால் விமான நிலையப் பயணத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. நகருக்குள் செல்ல ஒருவருக்கு இரண்டு சிங்கப்பூர் டாலர் அளவில்தான் ஆகும். சிராங்கூன் சாலைப் பகுதியில் தங்குபவர்கள் அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியா நிலையத்துக்கே போய்விடலாம். பத்துப் பேர் போனாலும் 20 டாலரைச் சுற்றித்தான் வரும். வண்டிக்குப் பேசும் பேச்சே இங்கே எடுபடாது.

டாக்சியில் மீட்டர் கட்டணத்தோடு விமான நிலையக் கூடுதல் கட்டணமும் சேரும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் தொகையில் பாதி கூடுதலாக வாங்குவார்கள். ரயில் நள்ளிரவை ஒட்டி நின்று, காலை ஐந்தரை மணி அளவில் மீண்டும் தொடங்கும். அதிகாலை நான்கரைக்கு இறங்கும் குழு, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுத்து, ஒரு காபி குடித்தால் முதல் ரயிலுக்குச் சரியாக இருக்கும். ரயில் வாயிலில் வங்கி அட்டையைத் தொட்டுவிட்டு உள்ளே போகலாம். ஆனால் ஒரு அட்டையில் ஒருவர்தான் போக முடியும். குடும்பத்தலைவரின் ஒரே அட்டையை வைத்துப் பத்துப் பேரும் நுழைய முடியாது. மற்றவர்களுக்குப் பயண அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால், அவர்களையும் பெட்டிகளையும் ஒரு பெரிய டாக்சியில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் ரயிலில் வருவது நல்ல ஏற்பாடு.

பாங்காக்கில் எந்த விமான நிலையம்?

பாங்காக்குக்கு இரண்டு விமான நிலையங்கள். சுவர்ணபூமி நகருக்குக் கிழக்கே, டான் முவாங் வடக்கே. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வெகுதூரம் தள்ளி இருப்பவை. சென்னையிலிருந்து செல்லும் விமானங்களில் சில சுவர்ணபூமியிலும் சில டான் முவாங்கிலும் இறங்குகின்றன. வேன் முன்பதிவு செய்யும்போது விமான நிலையத்தின் பெயரையும் விமான எண்ணையும் எழுத்தில் கொடுக்காவிட்டால், வண்டி ஒரு நிலையத்திலும் குழு இன்னொரு நிலையத்திலும் காத்திருக்க நேரும்.

சுவர்ணபூமியிலிருந்து 2010 முதல் ஓடும் ஏர்போர்ட் ரயில் லிங்க், 28 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை அரை மணிக்குள் கடந்து ஃபயா தாய் நிலையத்துக்குச் செல்கிறது. கட்டணம் 15 முதல் 45 பாட். டாக்சிக்கு முதல் தளத்தில் இயந்திரங்கள் உள்ளன. பொத்தானை அழுத்தினால் தடத்தின் எண் அச்சிட்ட சீட்டு வரும். அந்த எண்ணுள்ள தடத்தில் நிற்கும் டாக்சிதான் நமக்கு. பெரிய டாக்சிகளுக்குத் தனித் தடம் உண்டு. மீட்டர் தொகையோடு விமான நிலையக் கட்டணம் 50 பாட், விரைவுச் சாலைச் சுங்கம் ஆகியவையும் சேரும். மீட்டர் போடாமல் மொத்தமாக ஒரு தொகை கேட்பவர்களைத் தவிர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் குழுக்கள் பல முதல் நாளே பட்டாயா போவதுண்டு. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து பட்டாயா 120 கிலோமீட்டர் அளவில் உள்ளது. பாங்காக் நகருக்குள் நுழையாமலே நேராகப் பட்டாயா செல்லும் பேருந்துகள் சுவர்ணபூமியிலிருந்தே கிடைக்கின்றன. குழு பெரிதாக இருந்தால் வேன் வசதி.

நேரமும் காத்திருப்பும்

முன்பதிவு செய்த வண்டி இலவசமாகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். அந்த வரம்பு விமானம் தரையிறங்கிய நேரத்திலிருந்து கணக்காகிறதா, நாம் சொன்ன நேரத்திலிருந்தா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். குழுவில் ஒருவர் குடிநுழைவில் தாமதமானாலும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். மலேசியாவும் சிங்கப்பூரும் தாய்லாந்தும் வருகை அட்டையை இப்போது இணையத்திலேயே நிரப்பச் சொல்கின்றன. கிளம்பும் முன்பே ஒவ்வொருவருக்கும் அதை முடித்துவிட்டால் காத்திருப்புக் கட்டணத்துக்கு வேலை இருக்காது.

செயலிகளை ஊரிலேயே பதிவிறக்கி, கைப்பேசி எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு செல்வது நல்லது. அங்கே போய்ச் சிம் மாற்றிய பிறகு, சரிபார்ப்புக் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

முகவர் தரும் தொகுப்பில்

முகவர்கள் அனுப்பும் பயணத் திட்டத்தில் ‘எஸ்.ஐ.சி.’ என்று எழுதியிருந்தால், பல விடுதிகளின் பயணிகளை ஏற்றிச் செல்லும் பொது வண்டியில் நமக்கு இருக்கை மட்டும் என்று பொருள். ‘பிரைவேட்’ என்றால் வண்டி நமக்கு மட்டும். இருவர் செல்லும்போது முதலாவது மலிவு. ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேட்க வேண்டும். தலைக்கு வாங்கும் தொகையைக் கூட்டிப் பார்த்தால் தனி வண்டியே மலிவாக முடிவதுண்டு. சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம், இரவுக் கட்டணம் ஆகியவை விலையில் அடங்கியுள்ளனவா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திரும்பும் பயணத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும். வரும்போது தாமதமானால் நேரம்தான் போகும். திரும்பும்போது தாமதமானால் விமானமே போய்விடும். பாங்காக்கின் மாலை நெரிசலில் சாலை வழியை நம்பாமல், ரயிலுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் அதில் போவதே சரி. கோலாலம்பூரில் எந்த முனையம் என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செலவு வெளிநாட்டில் மட்டும் ஏற்படுவதல்ல. தஞ்சாவூரிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ பத்துப் பேர் வேன் பிடித்துச் சென்னை வந்து விமானம் ஏறுவதும் இதே கணக்கில் சேரும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் திருச்சியிலிருந்தே நேரடி விமானங்கள் உள்ளன. விமானச் சீட்டு சற்றுக் கூடுதலாக இருந்தாலும், போகவும் வரவும் சென்னைக்கு ஆகும் வேன் வாடகையைக் கழித்துப் பார்த்த பிறகே எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும்.